செங்கல்லில் ஒரு சிவப்பு நம்பர்

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நான் வீடு திரும்பும்போது கொல்லைப்புறத்தில் ஒரு வாளித் தண்ணீரும் கொடியில் ஒரு மாற்றுப்புடவையும் தயாராக இருக்கும். மன்னியின் ஏற்பாடு. வாசல் வழியாக உள்ளே வரக்கூடாது. சந்து வழியாகச் சுற்றிப் போய், தலைக்கு விட்டுக்கொண்டு ஈரத்தோடு நின்றால்தான் அடுக்களைக் கதவு திறக்கும்.

"செமித்தேரிக்குப் போய்ட்டு வரவா மூஞ்சியா இது? கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தாப்பல இளிச்சுண்டு நிக்கறா பாரு!" என்று உள்ளேயிருந்து மன்னியின் குரல் வரும்.

குளிப்பேன். வெயிலில் இரண்டு மணி நேரம் புல்லுக்குள் முட்டி போட்டுவிட்டு வந்தவளுக்குக் குளியல் என்ன தண்டனையா? ஆனால் போவதை மட்டும் நிறுத்த மாட்டேன். அண்ணா சொல்லிப் பார்த்தான், சொந்தக்காரர்களை விட்டுச் சொல்லச் சொன்னான், ஜோசியரிடம் ஜாதகத்தைக்கூடக் கொடுத்துப் பார்த்தான். நான் அசையவில்லை.

எனக்கு வயது அறுபது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மலையாளச் சீமையில், கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில், பிறந்த வீட்டிலேயே, அண்ணாவோடும் மன்னியோடும் இருக்கிறேன். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ரெக்கார்ட் ரூமில் தூசி தின்றே ரிட்டயர் ஆனவள். என்னோடு ரிட்டயர் ஆனவர்கள் பாகவத சப்தாகம் கேட்கப் போனார்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க துபாய் போனார்கள். போயும் போயும் நான் பழைய கல்லறைகளைப் பார்க்கப் போனேன். ஆமாம், பொழுதுபோக்குதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அம்மா போனபோது ஆரம்பித்தது இது. எங்கள் வீடுகளில் பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். திரும்பினேன். மூன்றாம் நாள் அண்ணா அஸ்தியைக் கடலில் கரைத்துவிட்டு வந்தான். அவ்வளவுதான், முடிந்தது. எழுபத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்த மனுஷிக்கு, இதோ இங்கே என்று விரலை நீட்டிக் காட்ட ஒரு சாண் இடம் கிடையாது. எனக்குத் தாங்கவே இல்லை. அடுத்த மாதம் ஒருநாள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கியது ஒரு பழைய கல்லறைத் தோட்டத்து வாசல் வளைவில். உள்ளே எட்டிப் பார்த்தால், மலையாளக் கற்களுக்கு நடுவே ஒரு தமிழ்க் கல்! பாதி தேய்ந்த எழுத்து. "என் அருமை மனைவி" என்று தொடங்கி, அவள் எப்படிப்பட்ட தாய், எத்தனை பிள்ளைகளை விட்டுப் போனாள் என்றெல்லாம் வெட்டியிருந்தது. மழையில் நனைந்துகொண்டே வாய்விட்டுக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். படித்துவிட்டு, தெருமுனையில் அழாத அழுகையை அங்கே நின்று அழுதேன்.

அப்புறம் ஊரில் உள்ள பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றையும் விடவில்லை. அந்தக் காலத்தில் தெற்கேயிருந்து இங்கே வந்து வாத்தியாராகவும் கம்பவுண்டராகவும் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்களின் கற்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுடைய பேரன் பேத்திகளுக்கே இன்று தமிழ் படிக்க வராது. நான் படிப்பேன். ஆரம்பத்தில் எழுத்து தெரிவதற்காகக் கோலத்துக்கு வைத்திருக்கும் அரிசி மாவைக் கல்லில் தேய்த்தேன். மறுவாரம் போனால் எறும்பு வரிசை. மழை பெய்து பூசணம் வேறு. கப்பியாருக்கு, அதாவது சபையில் மணியடிப்பதிலிருந்து குழி வெட்ட ஆள் பிடிப்பது வரை எல்லாம் பார்க்கிறவருக்கு, முகம் வெளுத்துவிட்டது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று பயந்துபோயிருந்தார்.

"சேச்சிக்கு இவிடெ எந்தா காரியம்?" என்று அன்றைக்குக் கேட்டார். இங்கே உனக்கு என்ன வேலை என்று.

"காரியம் ஒண்ணும் இல்லை. படிக்கறேன்" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மாவை விட்டேன். கைக்கண்ணாடி, மெத்தென்ற பிரஷ், ஒரு பாட்டில் தண்ணீர், நோட்டுப் புத்தகம்: இவ்வளவுதான் என் சாமான். வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் கல்லின்மேல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், இல்லவே இல்லை என்று நினைத்த எழுத்தெல்லாம் எழுந்து வரும். அந்த நிமிஷத்துக்காக நான் பத்து வாளித் தண்ணீர்கூடத் தலையில் விட்டுக்கொள்வேன்.

அந்த முதல் தமிழ்க் கல்லை மட்டும் மாதம் தவறாமல் முதல் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன். அதன் அடியில் எப்போதும் ஏதாவது குப்பை. மலிவான பிளாஸ்டிக் பூ, எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தி, ஒருமுறை ஒரு மஞ்சள் வாத்து பொம்மை. பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு மண் கொஞ்சம் மேடாக இருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு செங்கல். செங்கல் எங்கேதான் கிடக்காது? நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. காற்றிலோ நாய் இழுத்தோ வந்தது என்று முடிவு கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டியில் சேர்ப்பேன். சுத்தம் செய்யும் முன் ஒரு போட்டோ, செய்த பின் ஒரு போட்டோ. நோட்டில் ஒரு வரி: "கல்லடியில் குப்பை. மெழுகுவர்த்தி 3, வாத்து 1. அகற்றப்பட்டது." ரெக்கார்ட் ரூம் புத்தி எங்கே போகும்? மறுமாதம் போனால் மறுபடியும் கிடக்கும். "சனியன், யார்தான் கொண்டுவந்து போடறாளோ" என்று திட்டிக்கொண்டே மறுபடி பொறுக்குவேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி.

போன வருஷம் மழைக்காலம் முடிந்ததும் கேட்டில் மலையாளத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இடம் போதவில்லை; கல்லில்லாத, யாரும் வந்து கவனிக்காத குழிகளுக்கு நம்பர் போடப்பட்டிருக்கிறது; உரிமையுள்ளவர்கள் மாதக் கடைசிக்குள் ஆபீஸுக்கு வர வேண்டும்; வராவிட்டால் தோண்டி, எலும்பைப் பொதுக்குழியில் சேர்த்துவிட்டு, அந்த இடத்தில் அடுக்குக் கல்லறை கட்டப்படும். உள்ளே போய்ப் பார்த்தேன். அங்கங்கே சிவப்புப் பெயின்ட். என் தமிழ்க் கல்லில் ஒன்றும் இல்லை, அதற்குப் பக்கத்துச் செங்கல்லில்தான் 17 என்று எழுதியிருந்தது. அப்பாடா, என் கல் தப்பித்தது என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தேன். இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அந்த மாதம் கடைசிச் செவ்வாய்க்கிழமை கண் டாக்டரைப் பார்க்க அந்தப் பக்கம் போயிருந்தேன். சீக்கிரமே விட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வெயில் எப்படி விழுகிறது பார்ப்போமே என்று உள்ளே நுழைந்தேன். அந்த மண்மேட்டுக்குப் பக்கத்தில் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கை. செங்கல்லை முந்தானையால் துடைத்து, சிவப்பு நம்பரின் மேல் படாமல் சுற்றிலும் பிளாஸ்டிக் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

என் நோட்டில் தமிழெழுத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா தமிழா?" என்றாள். அவள் பேச்சு நாகர்கோவில் பக்கம். முகம் மலர்ந்திருந்தது. "இதப் பாத்தியளா? நம்பர் போட்டுருக்காவ. மூணு வருசமா வெறும் மண்ணாத்தான் கெடந்துது. இப்பம்தான் மத்தப் பிள்ளையளோட எம்பிள்ளையையும் சேத்துருக்காவ."

அங்கேயே உட்கார்ந்தேன்.

கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். புருஷன் கழக்கூட்டத்தில் ஃபிளாட் கட்டுகிற இடத்தில் கொத்தனார். பதினொரு மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் போனபோது, ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் நின்றார்கள். அப்போதிருந்த போதகர் இரக்கப்பட்டு இங்கே புதைக்க விட்டிருக்கிறார். சபையில் சேர்ந்தவர்கள் இல்லை என்பதால் மேலே ஒன்றும் கட்டக்கூடாது என்று பேச்சு. மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் அவளுக்கு முழு லீவு, கடைசிச் செவ்வாய்.

"வச்சிட்டுப் போறது ஒண்ணுகூட அடுத்த மாசம் இருக்காதுக்கா. மொதல்ல அழுதேன். பொறவு நெனச்சேன், பிள்ளதான் எடுத்து வெளயாடுதுன்னு. அதுக்கப்புறம்தான் பொம்மையும் கொண்டாரேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நாய் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நோட்டீஸில் போட்டிருந்த கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவளுக்கு மலையாளம் காதுக்குப் புரியும், கண்ணுக்குப் படிக்கத் தெரியாது. முதலில் அந்த நம்பருக்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவள் பூவைக் கீழே வைத்தாள். அப்புறம் மற்றதையும் சொன்னேன்.

"வாத்து?" என்றாள்.

"நான்தான்."

"கிலுகிலுப்ப?"

"அதுவும் நான்தான்."

"மழ சமயத்துல ஒரு தொப்பி வச்சேன். ஒரு சேச்சி பின்னித் தந்தது."

"நான்தான்மா. எல்லாம் நான்தான்."

"ஒனக்கு இங்க என்ன சோலி?" என்று கேட்டாள். கத்தவில்லை. கப்பியாரும் அண்ணாவும் மன்னியும் எத்தனையோ தடவை கேட்ட அதே கேள்வி. அவர்களுக்கெல்லாம் வாய் கிழியப் பதில் சொன்னவள் நான். அன்றைக்கு நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவது எனக்குப் பழக்கமில்லை. தப்புச் செய்த ஃபைலை நானேதான் திருத்தி வைக்க வேண்டும். "நாளைக்குக் காலம்பற பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் வந்து நில்லு. வேலைக்கு லீவு கேள், கொடுக்காட்டா என்கிட்டச் சொல்லு" என்றேன். மறுநாள் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை. பிள்ளைக்காக வந்தாள், எனக்காக இல்லை.

கமிட்டி செக்ரட்டரி நல்ல மரியாதைக்காரர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். குழந்தை அதில் இருந்தது. "நாங்கள் யாருடைய மனசையும் நோகடிக்க விரும்பவில்லை. கவனிக்க ஆளிருந்தால் தொடவே மாட்டோம். ஆளில்லை" என்றார் மலையாளத்தில். கப்பியாரும் சாட்சி சொன்னார். மாதாமாதம் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் சுற்றிப் பார்ப்பாராம். ஒரு பூ இல்லை, ஒரு மெழுகுதிரி இல்லை, சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்ததாம்.

துடைத்தவள் நான்தான் என்றேன். போனை எடுத்து நீட்டினேன். சுத்தம் செய்யும் முன், செய்த பின். மாதம் மாதமாக.

செக்ரட்டரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பழைய கல்லுக்குப் பக்கத்தில் என்னவோ கிடக்கிறது. இந்தப் பெண்தான் வைத்தாள் என்று எப்படிச் சொல்ல முடியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பதிவெல்லாம் தமிழில். நல்லவேளை, அவருக்குச் சிறுவயதில் படித்த தமிழ் கொஞ்சம் மிச்சமிருந்தது. "நோட்டு உங்க கையில இருக்கட்டும். அவ இதைப் பார்த்ததில்லை. என்ன வெச்சேன்னு அவளையே சொல்லச் சொல்லுங்கோ" என்றேன்.

அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். வேறு யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். "காணாமப் போன மொத மாசம் பூ மட்டும். ரோஸு ரெண்டு. பொறவு வாத்து, மெழுகுவத்தி மூணு. கிறிஸ்மஸுக்கு ஸ்டாரு, காயிதத்துல, சின்னது. அதுக்கடுத்த மாசம் எனக்குக் காய்ச்சல், மெழுகுவத்தி ஒண்ணுதான். ஈஸ்டருக்குக் கிலுகிலுப்ப, பச்சக் கலரு. மழைக்குத் தொப்பி..."

செக்ரட்டரியின் விரல் என் எழுத்தின்மேல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. காகித நட்சத்திரம் 1, நனைந்தது. மெழுகுவர்த்தி 1. கிலுகிலுப்பை, பச்சை, 1. கம்பளித் துணி 1. அதை நான் துணி என்று எழுதியிருந்தேன், தொப்பி என்று தெரியாமல். தொப்பியில் வந்ததும் விரல் நின்றது. நோட்டை மூடிவிட்டார். கப்பியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழியைத் தொட மாட்டோம் என்றார் செக்ரட்டரி. ஆனால் கமிட்டிக்கு ஒரு காகிதம் வேண்டும். வெளியாள் ஒருத்தி அனுமதியில்லாமல் கல்லறைகளில் இருந்த பொருள்களை எடுத்தாள் என்று நான் எழுதித் தர வேண்டும்; இனிமேல் இந்தத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றும் எழுத வேண்டும்.

நியாயம்தான். அந்த "என் அருமை மனைவி" கல் கண் முன்னால் வந்து நின்றது. அம்மாவுக்கு இல்லாததை அங்கே வைத்துத்தானே இத்தனை நாள் சமாதானப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் நான் என்ன சும்மா கையெழுத்துப் போடுகிறவளா?

"எழுதறேன். ஒரு வார்த்தை விடாம எழுதறேன். நீங்களும் ஒண்ணு எழுதுங்கோ. அந்தக் குழிமேல ஒரு சிமென்ட் பலகை, ஒரு அடிக்கு ஒரு அடி, குழந்தை பேரோட வெச்சுக்கலாம்னு. நாளைக்கு இன்னொரு பைத்தியக்காரி வந்து சுத்தம் பண்ணினா என்ன ஆகும்? உங்க பேப்பர் வந்தாத்தான் என் பேப்பர்."

"சட்டத்தில் இடமில்லை" என்றார்.

"சபையில் இடமில்லாத குழந்தைக்கு அன்னிக்கு இடம் கொடுத்தாரே ஒருத்தர், அது எந்தச் சட்டம்?"

கப்பியார் இருமினார். செக்ரட்டரி பேனாவைத் திறந்தார்.

வீட்டில் சொன்னபோது அண்ணா சுவாமி அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டான். "நல்லதாப் போச்சு, விட்டது சனி" என்றாள் மன்னி.

"ஊரில் இந்த ஒரு செமித்தேரிதானா இருக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு வேற பார்த்தாச்சு" என்றேன். மன்னி தட்டை நங்கென்று வைத்தாள். கல்லடியில் கிடப்பது எதையும் இனிமேல் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்த எனக்கு அன்றைக்கு மனசில்லை.

மூன்று வாரம் கழித்து, ஓட்டல் வேலைக்கு நடுவே அந்தப் பெண் விசாரித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. இன்னும் கோபம்தான். இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான். "அவரு செவ்வாக்கெழம பலக போட்டுத் தாரேங்காரு. ஈரமா இருக்கையில ஆணியால எழுதணும். எனக்கு எழுத வரும், ஆனா கோழி கிண்டுனாப்ல இருக்கும். நீ பெருசா எழுதித் தா. பாத்து எழுதுதேன்" என்றாள். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குழந்தையின் பெயரை எழுதினேன். எத்தனையோ பேருடைய பெயரைப் படித்திருக்கிறேன். ஒருவருடைய பெயரை எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு தாள் வீணானது.

செவ்வாய்க்கிழமை கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் போய் நின்றேன். அவளும் புருஷனும் சிமென்ட் சட்டியோடு உள்ளே போனார்கள். கப்பியார் கேட்டைச் சாத்திக்கொண்டு, "சேச்சி நிக்கக்கூடாது, எழுதித் தந்துட்டுண்டல்லோ" என்றார்.

"உள்ளே வரமாட்டேன்னுதான் எழுதினேன். ரோடு உங்க கமிட்டியோடது இல்லையே?" என்றேன். வெயில் ஏறியது, லாரி போனது, புழுதி பறந்தது. நான் நகரவில்லை. கம்பிக்கு உள்ளே, தூரத்தில், அவள் குனிந்த முதுகு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து தாளைப் பார்த்தாள், மறுபடி குனிந்தாள்.

முடித்ததும் எழுந்து நின்றாள். கையெல்லாம் சிமென்ட். நான் நிற்கிற பக்கம் திரும்பினாள். அங்கிருந்து எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலகையைப் பார்த்துக் குழந்தையின் பெயரைச் சத்தமாக வாசித்தாள். கல்லறைகளைத் தாண்டிக் கேட்டுக்கு வெளியே என் காது வரைக்கும் வந்தது. கப்பியார் உதட்டில் விரலை வைத்து, மெதுவா, மெதுவா என்று சைகை காட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை, முன்னைவிட உரக்க, வாசித்தாள்.